வாப்பாவின் மெஷினும் மச்சானின் துவக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். பாதியில் விட்டுவிட்டுப் பின்னூட்டம் போட வேண்டாம் என்று மட்டும் அன்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஐந்து சந்தியில் பாண் வாங்கப் போன இடத்தில் ஒருவர் என்னை மறித்துக் கேட்டார்: "சேர், பள்ளிக்கூடத்தில பிள்ளைகளுக்குத் துவக்குப் பழக்கப் போறீங்களாமே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. அன்று இஷாவுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். புதன்கிழமை ஒரு பிள்ளையின் உம்மா போன் எடுத்தார். ஆகவே நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். ஆரம்பம் பள்ளிக்கூடத்தில் இல்லை. எங்கள் வீட்டு விறாந்தையில்.

எங்கள் வீட்டில் துவக்கு என்ற சொல்லை யாரும் பேசுவதில்லை. வாப்பாவுக்குப் பிடிக்காது. ஏன் என்று சோனகத் தெருவில் பிறந்த எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30. ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஒன்றரை வயது. உம்மாவின் தோளில் இருந்திருக்கிறேன். எனக்கு ஞாபகம் என்று ஒன்றுமில்லை. வாப்பாவுக்கு ஞாபகம் இருப்பது இரண்டு விடயம். ஒன்று, சந்தியில் நின்ற பொடியனின் கையில் இருந்த துவக்கு. அவனுக்குப் பதினாறு வயதுகூட இருக்காது என்பார். மற்றது, கடையில் விட்டுவிட்டு வந்த தையல் மெஷின். அதில் பாதி தைத்த ஒரு கமிசு ஊசிக்கடியில் அப்படியே இருந்ததாம்.

புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம். அங்கேயும் வாப்பா தைத்துத்தான் எங்களை ஆளாக்கினார். நான் அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரியில் படித்து ஆசிரியராகி, 2010க்குப் பிறகு குடும்பமாக ஊருக்குத் திரும்பி வந்தோம். கூரை இல்லை. அறைக்குள் வேம்பு முளைத்திருந்தது. மெஷின் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இனி வரப்போகிற கதையை எங்கள் வீட்டில் இருந்து பார்த்தால்தான் விளங்கும்.

போன ஆகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து மச்சான் வந்தார். வாப்பாவின் தங்கச்சி மகன். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் இருந்து போனில் படம் காட்டிக்கொண்டிருந்தார். பனி, பிள்ளைகள், கார். அடுத்த படத்தில் இடுப்பில் உறையும் கையில் கைத்துப்பாக்கியுமாக மச்சான். காதில் மூடி, கண்ணில் கண்ணாடி. வாப்பா எழும்பி உள்ளே போய்விட்டார்.

"என்ன மச்சான் இது?" என்றேன்.

"விளையாட்டு மச்சான். ஞாயிற்றுக்கிழமை நீங்க கிரிக்கெட் விளையாடுற மாதிரி."

ஐ.பி.எஸ்.சி. என்று ஒரு சர்வதேச அமைப்பு இருக்கிறது. 1976இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் தொடங்கியது. ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது ஓரிடத்தில் நின்று ஒரே குறியைச் சுடுவது. இது அப்படி இல்லை. ஓட வேண்டும், குனிய வேண்டும், தடுப்புக்குப் பின்னால் நின்று சுட வேண்டும். ஒவ்வொரு மட்டைக்கும் புள்ளி. நடுவில் பட்டால் 5. எடுத்த மொத்தப் புள்ளியை எடுத்த செக்கனால் வகுப்பார்கள். அந்த ஈவுதான் உங்கள் பெறுபேறு.

கணக்கு வாத்தியாருக்கு இதைக் கேட்டவுடன் காது கூர்மையாகிவிட்டது. ஒருவர் 60க்கு 60 புள்ளியும் எடுத்து 9 செக்கன் ஆகிறது என்றால் ஈவு 6.67. இன்னொருவர் 56 புள்ளிதான், ஆனால் 8 செக்கன். ஈவு 7. இரண்டாமவர் முன்னுக்கு. அதற்காகக் கண்மண் தெரியாமல் ஓடவும் முடியாது. 48 புள்ளியோடு ஏழரைச் செக்கனில் முடித்தால் ஈவு 6.4. கடைசி. வேகமும் நிதானமும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் கணக்கு இது.

"துவக்கு எப்பிடித் தெரிவு செய்யிறது?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். மச்சான் ஒரு மணித்தியாலம் பேசினார்.

முதலில் கை, பிறகுதான் துவக்கு என்றார். கடைக்குப் போய் விலைப்பட்டியலைப் பார்க்கிறவன் பிழை விடுகிறான். பிடி உள்ளங்கையில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். சுட்டுவிரலின் முதல் பொருத்து, கையைத் திருப்பாமல் விசைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் ஒவ்வொரு முறையும் விரல் துவக்கைப் பக்கவாட்டில் தள்ளும். பத்து மீற்றர் தூரத்தில் அது நாலு விரற்கடை விலகல். அடுத்தது எடை. குளொக் போலப் பிளாஸ்டிக் உடம்புள்ளவை இலகு, நாள்முழுக்கச் சுமக்கலாம். சீ.இஸட். ஷடோ 2 போல முழு இரும்பில் செய்தவை பாரம், ஆனால் சுடும்போது குறைவாகத் துள்ளும். போட்டிக்காரர் பலர் பாரமானதைத்தான் விரும்புகிறார்கள். மூன்றாவது, எந்தப் பிரிவில் நிற்கப் போகிறாய் என்பது. தொழிற்சாலையில் வந்தபடியே வைத்திருக்க வேண்டிய பிரிவு ஒன்று. கண்ணாடிக் குறியும் மற்றச் சோடனைகளும் பூட்டக்கூடிய பிரிவு இன்னொன்று. பிரிவைத் தீர்மானிக்காமல் பொருள் வாங்கினால் காசு கரையும்.

பிறகு ரவை. இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. ரவை போதிய பலத்தோடு வருகிறதா என்று போட்டியில் அளந்து பார்ப்பார்கள். சன்னத்தின் எடையைக் கிறெயினிலும் வேகத்தைச் செக்கனுக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 125 வர வேண்டும். 124 கிறெயின் சன்னம் 1,050 அடி வேகத்தில் போனால் 130.2. சரி. 147 கிறெயின் சன்னத்தை 880 அடியில் விட்டால் 129.4. அதுவும் சரி. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பெருக்கம்தான். ஆனால் பாரமான சன்னத்துக்கு மருந்து குறைவாகப் போதும் என்பதால் கையில் உதைப்பு மெதுவாக இருக்கும் என்றார் மச்சான். சரியாக 125இல் வைப்பதும் ஆபத்து. குளிர் நாளில் வேகம் குறையும், அளவில் விழுந்துவிடுவீர்கள். அதனால் நாலைந்து கூட வைப்பார்களாம்.

இது வேறொன்றுமில்லை, உந்தம். திணிவு தர வேகம். சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடம். 124 கிறெயின் என்பது ஏறத்தாழ 8 கிராம். 1,050 அடி என்பது செக்கனுக்கு 320 மீற்றர். பெருக்கிப் பாருங்கள்.

"ஸ்பிறிங் மாத்திறதுதான் பெரிய வேலை," என்று மச்சான் தொடர்ந்தார். "சுட்டதும் மேல்பாகம் பின்னுக்குப் போய்த் திரும்ப முன்னுக்கு வரணும். அதைத் திருப்பி விடுறது ஒரு ஸ்பிறிங். இறுக்கமாப் போட்டா, மெதுவான ரவைக்கு மேல்பாகம் முழுசாப் பின்னுக்குப் போகாது. வெற்றுக் கோது சிக்கும். தளர்வாப் போட்டா, பின்னுக்கு வந்து இடிச்சு இடிச்சுச் சட்டம் பழுதாப் போகும்."

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"நூல் இறுக்கம் மாதிரித்தானே."

வாப்பா கதவடியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"மேல் நூலை இறுக்கினா அறும். தளர்த்தினா அடியில கண்ணி கண்ணியாத் தொங்கும். துணிக்குத் துணி மாத்தணும். வொயிலுக்கு வச்ச இறுக்கத்தில டெனிம் தைக்கேலாது."

"அதேதான் மாமா!" என்று மச்சான் துள்ளி எழும்பினார். "ரவைக்கு ரவை ஸ்பிறிங் மாத்தணும்."

வாப்பா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, துவக்கைப் பற்றிய பேச்சு நடக்கிற இடத்தில் அவர் இருந்தார்.

"எத்தினையை ஒரேயடியா மாத்துவ?" என்று கேட்டார்.

"ஒண்டை மட்டும்தான் மாமா. ஒண்டை மாத்தி, அஞ்சு ரவை சுட்டு, கொப்பியில எழுதணும். ரெண்டை ஒண்டா மாத்தினா எதால சரி வந்திச்சு எண்டு தெரியாது."

வாப்பா தலையாட்டினார். எனக்கோ வெட்கமாக இருந்தது. பிள்ளைகளுக்கு மாறி, மாறிலி என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை ஓய்ந்தவன் நான். அதை இந்த இருவரும் தொழிலில் படித்து வைத்திருக்கிறார்கள்.

பிறகு மச்சான் தன் பிழையைச் சொன்னார். விசை இலகுவாக இருந்தால் வேகமாகச் சுடலாம் என்று நினைத்து, சுத்தியலை அடிக்க வைக்கும் ஸ்பிறிங்கைக் கழற்றிவிட்டு மெலிந்த ஒன்றைப் போட்டிருக்கிறார். வீட்டில் வெறுமனே இழுத்துப் பார்க்கும்போது வெண்ணெய் மாதிரி இருந்ததாம். பழகும் இடத்திலும் பிரச்சினை இல்லை. போட்டியன்று வேறொரு பெட்டி ரவை. அதன் அடியில் பற்றவைக்கும் மூடி சற்றுத் தடிப்பு. சுத்தியல் அடித்தது, பற்றவில்லை. இரண்டு தரம். அதைக் கழற்றி எறிந்து அடுத்ததை ஏற்றுவதற்குள் நேரம் போய்விட்டது. ஒரு வருடம் பழகியது அந்த ஒரு சுற்றில் போனது.

"முதல்ல நம்பிக்கை, பிறகுதான் இலகு," என்றார். "ஆயிரம் தரம் அழுத்தினா ஆயிரம் தரமும் வேலை செய்யிற துவக்கு வேணும். அதுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்."

"பெருநாளைக்கு முதல் நாள் மெஷினைக் கழட்டி எண்ணெய் போடுறவன் மடையன்," என்றார் வாப்பா. இருவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியபிறகு வாப்பா கேட்ட கேள்விதான் இந்தப் பதிவின் காரணம். "சுடுற மட்டை மனுச உருவமா?"

மச்சான் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார். பழைய மட்டையில் தலை மாதிரி ஒரு பகுதி இருந்தது, இப்போது ஐ.பி.எஸ்.சி. போட்டிகளில் வைப்பது தலையில்லாத, ஆமை ஓடு போன்ற ஒரு மண்ணிற மட்டை. போனில் படத்தைக் காட்டினார். வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

பாதுகாப்பு விதிகளையும் மச்சான் சொன்னார். அங்கே அந்த விளையாட்டில் சேருவதற்கு முன் உரிமத்துக்கு மேலதிகமாகத் தனியான ஒரு பயிற்சியில் தேற வேண்டும். போட்டி இடத்தில் உறையிலிருந்து துவக்கை நினைத்தபடி வெளியே எடுக்க முடியாது. அதிகாரி கட்டளை சொன்ன பிறகுதான் ரவை ஏற்றலாம். ஓடும்போது விரல் விசைக்கு வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும். குழல்வாய் எப்போதும் முன்பக்கம்தான். பின்பக்கம் ஒரு கணம் திரும்பினாலும் அன்றைய போட்டியிலிருந்து வெளியே. கைதவறி விழுந்தாலும் வெளியே. உலகச் சம்பியனாக இருந்தாலும் வெளியே.

விளையாட்டுக்கேனும் ஆயுதத்தைச் சகோதரனை நோக்கி நீட்டக் கூடாது என்று ரசூலுல்லாஹ் (ஸல்) தடுத்ததை நாமெல்லாம் மத்ரஸாவில் படித்தோம். அம்பெய்யப் பழகுவதை ஊக்கப்படுத்தியதும் அதே நபிதான். இரண்டையும் ஒன்றாக வைத்து நான் யோசித்தது அன்றிரவுதான்.

இன்னொன்றையும் மச்சான் மறைக்கவில்லை. 2022 ஒக்டோபர் 21 முதல் கனடாவில் கைத்துப்பாக்கி வாங்குவது, விற்பது, கைமாற்றுவது நிறுத்தப்பட்டிருக்கிறது. 2023 டிசம்பரில் அது சட்டமாகவும் ஆனது. ஒலிம்பிக் வகைப் போட்டியாளருக்கு விலக்கு உண்டு. மச்சானின் விளையாட்டு அதில் சேராது. இருப்பதை வைத்துச் சுடலாம். புதிதாக வாங்க முடியாது. மகனுக்குக் கொடுக்கவும் முடியாது. "இனித் தெரிவு எண்டு ஒண்டும் இல்லை மச்சான். இருக்கிறதுக்கு ஸ்பிறிங் மாத்தி மாத்தி ஓட்ட வேண்டியதுதான்," என்றார்.

"கவலையா?" என்றேன்.

"கவலைதான். ஆனா அந்தச் சட்டத்தைக் கேட்ட தாய்மார்ல பிள்ளையைப் பறிகொடுத்தவங்களும் இருக்கிறாங்க. அவங்களைப் பார்த்து நான் என்ன சொல்ல?"

நான் அவர் போனபிறகு தேடி வாசித்தேன். ஸ்கொட்லாந்தில் டன்பிளேன் என்ற ஊரில் 1996 மார்ச் 13 அன்று ஒருவன் ஆரம்பப் பாடசாலைக்குள் புகுந்து 16 பிள்ளைகளையும் அவர்களது ஆசிரியையையும் கைத்துப்பாக்கிகளால் சுட்டுக் கொன்றான். அவை உரிமம் பெற்ற துவக்குகள். அடுத்த வருடமே பிரித்தானியா கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தது. அங்கே மச்சானின் விளையாட்டைப் பழகுகிறவர்களில் பலர் இன்று பிளாஸ்டிக் குண்டு போடும் காற்றுத் துவக்கில்தான் பழகுகிறார்கள். வகுப்பறையில் நிற்கிற ஓர் ஆளாக அந்தச் செய்தியை வாசித்தபோது, தடை பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

மூன்று கிழமைக்கு முன் பத்தாம் வகுப்பில் உந்தம் படிப்பித்தேன். வழமையாகக் கிரிக்கெட் பந்து, லொறி என்று உதாரணம் சொல்வேன். அன்று சன்னத்தின் கணக்கைச் சொன்னேன். பிறகு, ஆதிக்கக் கண் எது என்று கண்டுபிடிக்கும் சின்ன வேலை ஒன்றும் செய்யக் கொடுத்தேன். நீங்களும் செய்து பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, பெருவிரல்களுக்கும் சுட்டுவிரல்களுக்கும் இடையில் சிறு முக்கோண ஓட்டை வையுங்கள். அதனூடாகப் பள்ளிவாசல் மினாராவைப் பாருங்கள். இனி ஒரு கண்ணை மூடுங்கள். மினாரா மறைந்தால் நீங்கள் மூடியதுதான் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருந்தால் குறிபார்ப்பதில் சிக்கல் வரும். துவக்கைத் தெரிவு செய்ய முன்னரே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வகுப்பு முழுக்கக் கண்ணைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நடந்தது இவ்வளவுதான். துவக்கு எதுவும் வகுப்புக்குள் வரவில்லை.

பாடம் முடிந்து மணி அடித்தபிறகு ஒரு பிள்ளை மேசையடிக்கு வந்தாள். பெயர் வேண்டாம். அதிகம் பேசாத பிள்ளை. கணக்கில் கெட்டி.

"சேர், அந்தத் துருக்கி மாமா மாதிரி நானும் பழகலாமா?"

துருக்கி மாமா யாரென்று உங்களுக்குத் தெரியும். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு சுட்டு வெள்ளிப் பதக்கம் எடுத்த யூசுப் டிகெச். 51 வயது. கூடச் சுட்டது செவ்வால் தர்ஹான் என்ற இளம் பெண். நம் போன்களிலெல்லாம் அந்தப் படம் சுற்றியது. உபகரணமே இல்லாமல் வந்து வென்றார் என்று எல்லோரும் எழுதினோம். நானும் பகிர்ந்தேன். அது பாதி உண்மைதான். அவர் கையில் இருந்தது அந்தப் போட்டிக்கென்றே செய்த துல்லியமான காற்றுக் கைத்துப்பாக்கி. கையைப் பைக்குள் விடுவது உடம்பு ஆடாமல் இருக்க அந்தப் போட்டியில் பலர் செய்கிற காரியம். அவர் விட்டது கண்ணுக்கு முன்னால் மாட்டும் வில்லை, மறைப்பு போன்ற மேலதிகச் சாமான்களைத்தான். தனக்கு எது தேவையில்லை என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பல வருடம் பிடித்திருக்கும். அதுவும் ஒரு தெரிவுதான்.

உபகரணம் முக்கியமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு கதை. இந்தியாவின் மனு பாக்கர் 2021இல் டோக்கியோவில் சுட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் கைத்துப்பாக்கி பழுதானது. திருத்துவதற்குள் பெறுமதியான நிமிடங்கள் போய்விட்டன. இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. மூன்று வருடம் கழித்துப் பரிஸில் இரண்டு வெண்கலம் எடுத்தார்.

நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. 1994இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டில், காற்றுத் துவக்குப் பெண்கள் சோடிப் போட்டியில் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும் தங்கம் எடுத்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல சுட்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமானும் பரிஸுக்குப் போனார்கள். ஈரானியப் பெண்கள் முக்காட்டோடு வந்து சுடுகிறார்கள். மலேசியாவின் நூர் சூர்யானி தைபி எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டனில் சுட்டார்.

இத்தனையும் தெரிந்திருந்தும் அந்தப் பிள்ளைக்கு நான் உடனே ஆம் என்று சொல்லவில்லை. "வாப்பாட்டயும் உம்மாட்டயும் கேட்டியா?" என்று மட்டும் கேட்டேன். ஏனென்றால் எனக்குப் பயம் வந்தது.

2019 ஏப்ரலுக்குப் பிந்திய நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் உம்மா குர்பான் கத்தியைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து, "மகன், இதை என்ன செய்யிறது?" என்று கேட்டார். இறைச்சி வெட்டும் கத்தி. நாற்பது வருடம் அடுப்படியில் இருந்தது. அந்த நாட்களை வாழ்ந்த எனக்கு, முக்காடு போட்ட ஒரு பிள்ளை துவக்கோடு நிற்கும் படம் பேஸ்புக்கில் போனால் எப்படிப் பகிரப்படும், கீழே என்ன எழுதப்படும் என்பது தெரியும். அதே படத்தில் வேறு பிள்ளை நின்றால் வீராங்கனை என்று எழுதுவார்கள். இது நியாயமில்லை. ஆனாலும் நிற்கப்போவது என் மாணவி. நான் இல்லை. தைரியம் சொல்வது எனக்கு இலகு. அந்தப் பின்னூட்டங்களை வாசிக்கப் போவது அவளும் அவளைப் பெற்றவர்களும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சோனகத் தெருவுக்கு அப்பால், என்னோடு படிப்பிக்கிற தமிழ் ஆசிரியர்களின் வீடுகளிலும் துவக்கு என்றால் பேச்சு நின்றுவிடும். அவர்கள் பட்டது வேறு, நாங்கள் பட்டது வேறு. சொல் ஒன்றுதான். இந்தக் குடாநாட்டில் துவக்கை விளையாட்டுச் சாமான் என்று சொல்வதற்கு யாருக்கு வாய் வரும்?

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். துணியில் சோக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பிள்ளை ஏன் பழக விரும்புது?"

"கணக்குப் பிடிச்சிருக்காம். ஆடாம நிக்கிறது பிடிச்சிருக்காம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அண்டைக்குச் சந்தியில நிண்ட பொடியனுக்கு யாரும் இதெல்லாம் சொல்லிக் குடுக்கல்ல. விரலை எங்க வைக்கிறது, வாயை எங்க திருப்புறது எண்டு. அவன் கதைக்கேக்க அது எங்கட பக்கம்தான் திரும்பி இருந்திச்சு. உன்னைத் தூக்கிக்கொண்டு நிண்ட உம்மாவைப் பார்த்து."

அதை அவர் இதற்கு முன் எனக்குச் சொன்னதே இல்லை.

அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். வாப்பா, உம்மா இருவரும் இருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தோட்டாவும் மருந்தும் உள்ள துவக்கைப் பற்றிய பேச்சே இல்லை. மச்சானின் விளையாட்டு இங்கே பிள்ளைகளுக்கானதும் இல்லை. துவக்கு என்றால் 1916ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. உரிமம் வேண்டும், அதையும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். பிள்ளை கேட்பது பத்து மீற்றர் காற்றுத் துவக்கு. நாலரை மில்லிமீற்றர் ஈயக் குண்டு. ரைபிளில் நடுப் புள்ளியின் குறுக்களவு வெறும் அரை மில்லிமீற்றர். துவக்கு ஐந்தரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கன்னம் வைக்கும் இடமும் தோளில் முட்டும் இடமும் பிள்ளையின் உடம்புக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்க வேண்டும். விறைப்பான தனி உடுப்பும் வேண்டும். எல்லாம் விலை. கைத்துப்பாக்கி வகையென்றால் அந்த உடுப்புத் தேவையில்லை, செலவு குறையும். எதுவானாலும் தனியாரின் வளவில் இல்லை, அனுமதியுள்ள இடத்தில், பயிற்றப்பட்டவரின் கண்முன்னால் மட்டும்.

"இப்ப ஒண்டும் வாங்கத் தேவையில்லை," என்றேன். "ஆறு மாதம் துவக்கு இல்லாமலே பழகலாம். ஒரு காலில் நிற்கிறது, மூச்சைப் பிடிக்கிறது, கையை நீட்டி அரை லீற்றர் தண்ணிப் போத்தலை ஆடாமல் ஒரு நிமிடம் வைத்திருக்கிறது, எல்லாத்தையும் கொப்பியில் திகதி போட்டு எழுதுறது. ஆறு மாதம் முடிய அவளுக்கு விருப்பம் இருந்தா, அனுமதிக்கு எங்க போறது எண்டு நான் கச்சேரியில இருந்து தொடங்கி விசாரிக்கிறன்."

அந்த வாப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஊர் என்ன சொல்லும் சேர்?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உறவுகளே, பள்ளிக்கூடத்தில் துவக்குப் பழக்கவில்லை. பழக்கப் போவதும் இல்லை. ஒரு பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள். பெற்றோரின் சம்மதத்தோடு தன் வீட்டு முற்றத்தில் தண்ணிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறாள். முதல் நாள் 22 செக்கன். நேற்று 41. கொப்பியைக் காட்டினாள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் பழக வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அவள் பழகுவதா இல்லையா என்பது அவளைப் பெற்றவர்களின் தீர்மானம், என்னுடையது இல்லை. நாம் செய்யக்கூடியது, அவர்கள் ஊருக்குப் பயந்து தீர்மானிக்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். மறுப்பு இருந்தால் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலிலோ கடையடியிலோ சொல்ல வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள். மௌலவியிடமும் பேசியிருக்கிறேன், அவரும் வருவதாகச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் விறாந்தையில் இருப்பேன். தேத்தண்ணி உண்டு. வாப்பாவும் இருப்பார், மெஷினடியில்.

என் எழுத்தில் யாருடைய மனதாவது நொந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.